கத்தி சொல்லும் சாட்சி: சீனச் செதுக்குப் பெட்டிகளைத் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பழம்பொருள் சேகரிப்பாளர்களுக்கு,

சிங்கப்பூரின் பழம்பொருள் கடையாக இருக்கட்டும், இணைய ஏலமாக இருக்கட்டும், பூவும் மலையும் மனிதர்களும் செதுக்கிய சிவப்புச் சீனப் பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் முதலில் செய்வது அதைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான். அடியில் ஆறு சீன எழுத்துகள் இருந்தால் முகம் மலர்கிறது. இல்லாவிட்டால் பேரம் தொடங்குகிறது. இந்த மடலின் வேண்டுகோள் ஒன்றே: கவிழ்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய பெட்டியில் சுலபமாகப் பொய் எழுதக்கூடிய இடம் அதன் அடிப்பாகம். பொய் எழுதவே முடியாத அளவுக்கு உழைப்பு கேட்கும் இடம் அதன் மூடி.

இதற்குச் சான்று தேடி இன்றைய போலிச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. மிங் அரண்மனையே போதும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட யுங்லோ பேரரசரின் பீஜிங் நகரில், அரண்மனை வளாகத்தை ஒட்டி ‘பழத்தோட்டப் பட்டறை’ என்ற பெயரில் மெருகு (லாக்கர்) பட்டறை ஒன்று இயங்கியது. அக்காலப் பொருட்களின் அடியில், விளிம்பை ஒட்டி, ஊசி முனையால் கீறிய மெல்லிய எழுத்துகளில் ஆட்சிப் பெயர் இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அவருடைய பேரன் ஷுவாந்தே காலத்து முத்திரை (1426–1435) அப்படியல்ல. கத்தியால் வெட்டி, பள்ளத்தில் பொன் நிரப்பிய பெரிய எழுத்துகள் அவை.

1635இல் வெளிவந்த, பீஜிங் நகரத்தை வருணிக்கும் நூல் ஒன்று இந்த மாற்றத்தின் பின்கதையைப் பதிவு செய்திருக்கிறது. ஷுவாந்தே காலக் கைவினைஞர்களால் முந்தைய தரத்தை எட்ட முடியவில்லை; பலமுறை தண்டனையும் பெற்றார்கள். கடைசியில் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்தே பழைய தட்டுகளையும் பெட்டிகளையும் மறைவாக விலைக்கு வாங்கினார்கள். ஊசிக் கீறலைத் தேய்த்து எடுத்தார்கள். அதன்மேல் புது முத்திரையை வெட்டிப் பொன்னால் மூடி, தங்கள் வேலை என்று பேரரசரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கதையை மிகை என்று தள்ளிவிடவும் முடியாது. ஷுவாந்தே முத்திரைக்கு அடியில் யுங்லோ ஊசி எழுத்தின் தடம் தெரியும் பொருட்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அரசுப் பட்டறையே முத்திரையைத் திருத்தியிருக்கும்போது, போன மாதம் விற்பனைக்கு வந்த பெட்டியின் அடியை நம்பிப் பணம் கட்டுவது எப்படிச் சரியாகும்?

கையொப்பத்தின் நிலையும் இதுதான். யுவான் (மங்கோலியர்) ஆட்சியின் இறுதியில் ஜெஜியாங் பகுதியின் சிதாங் ஊரில் ஜாங் செங், யாங் மாவ் என்று இரு பெருங்கலைஞர்கள் இருந்தார்கள். 1388இல் ட்ஸாவ் ஜாவ் எழுதிய பழம்பொருள் கையேடே இருவரையும் பெயர் சொல்லிப் புகழ்கிறது. ஜாங் செங்கின் மகன் ஜாங் தெகாங்கை யுங்லோ பேரரசர் பீஜிங்குக்கு வரவழைத்துப் பதவி கொடுத்தார் என்று அவருடைய ஊரின் வரலாறு சொல்கிறது. ஜப்பானில் அவர்கள் புகழ் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே செதுக்கு மெருகுக் கலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு குடும்பம், யாங், செங் என்ற இரு எழுத்துகளையும் சேர்த்து ஜப்பானிய ஒலிப்பில் ‘யோசெய்’ என்று தன் பரம்பரைப் பெயராகவே வைத்துக்கொண்டது. இத்தனை புகழ் இருந்தால் ஊசி சும்மா இருக்குமா? இவர்கள் வாழ்ந்த காலத்துக்கு வெகு பின்னால் செய்த பொருட்களிலும் இவர்கள் பெயர் கீறப்பட்டிருக்கிறது.

சரி, அடியை விட்டால் எதைப் பார்ப்பது? முதலில் பொருளையே பார்க்க வேண்டும்.

லாக்கர் என்று உலகம் அழைக்கும் இந்தச் சீன மெருகு நம் ஊர் அரக்கு அல்ல. அரக்கு பூச்சி தரும் பிசின். இது மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். அந்த மரம் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்ட தோல் எப்படிப் புண்ணாகும் என்று அறிந்தவர்களுக்கு, பச்சை மெருகுப்பாலைக் கையாளும் தொழிலாளி ஏன் தடிப்பும் அரிப்புமாக அவதிப்படுகிறார் என்று விளக்கத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பால் வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். காற்றின் ஈரப்பதம் எழுபது எண்பது விழுக்காடும் இளஞ்சூடும் இருந்தால், பாலில் உள்ள நொதி ஒன்று ஆக்சிஜனைக் கொண்டு அதைக் கெட்டிப்படுத்தும். 1883இல் ஜப்பானிய வேதியியலாளர் ஹிகொரொகுரோ யோஷிதா இந்த நொதியின் வேலையைப் பதிவு செய்தார். ஒருமுறை இறுகிவிட்டால் நீரும் அமிலமும் அதை எளிதில் தொட முடியாது.

ஒரு பூச்சு காகிதத்தைவிட மெல்லியது. அது இறுகிய பிறகே அடுத்தது. இப்படிப் பல பத்து முறை, உயர்ந்த பொருட்களுக்கு நூறு முறைக்கும் மேல், மரத்தாலான அடிக்கூட்டின் மீது பூசிப் பூசித் தடிப்பு ஏற்றுவார்கள். யுங்லோ காலத்தில் முப்பத்தாறு பூச்சுகள் பூசினார்கள் என்று 1591இல் மிங் கால எழுத்தாளர் காவ் லியென் எழுதினார். உளி ஆழம் போய்ச் செதுக்க வேண்டுமென்றால் அந்த எண்ணிக்கையும் போதாது. மாதக்கணக்கில் பூசி முடித்த பிறகுதான் கத்தி உள்ளே வரும். அதுவும் மெருகு முழுக்கக் கல்லாக இறுகும் முன்பே வேலையை முடிக்க வேண்டும். ஒரு கீறல் தப்பினால் ஒட்டுப்போட வழியில்லை.

நிறமும் எளிதில் கிடைத்ததல்ல. மெருகுப்பாலோடு ஒத்துப்போகும் நிறமிகள் மிகச் சில. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், அரிதாரத்தோடு அவுரி நீலத்தைக் கலந்தால் பச்சை, கரிப்புகையோ இரும்புச் சத்தோ சேர்த்தால் கருப்பு. தூய வெள்ளையும் பளீர் நீலமும் பழைய சீன மெருகில் கிட்டத்தட்ட எட்டாக் கனி. ‘பழைய’ பெட்டி ஒன்றில் பால் வெள்ளையில் பூ செதுக்கியிருந்தால் அங்கேயே ஒரு கேள்விக்குறி போட்டுவிடலாம்.

பூச்சின் அடுக்குகளே அலங்காரமாகும் ஒரு வகையும் உண்டு. சிவப்பு, கருப்பு, மஞ்சள் என்று நிறம் மாற்றி மாற்றிப் பூசி, சாய்வாக ஆழ வெட்டி, மேகச் சுருள்களை எழுப்புவார்கள். மலையைக் குடைந்து சாலை போட்ட இடத்தில் மண்ணின் வரிகள் தெரிவதுபோல, வெட்டின் சரிவில் நிற வரிகள் ஓடும். ஜாங் செங் பெயர் தாங்கிய இவ்வகைப் பெட்டி ஒன்று சீனாவின் அன்ஹுயி மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெற்கு சோங் காலத்திலேயே இந்த வகை கைதேர்ந்திருந்தது. ஜியாங்சுவில் 1261இல் இறந்த ஜோ யூ என்ற அறிஞரின் கல்லறையில் கிடைத்த விசிறியின் கைப்பிடி இந்த வேலைப்பாடு கொண்டது. இன்னும் பின்னால் போனால், அகழாய்வாளர் ஆரெல் ஸ்டைன் சீனாவின் மேற்குப் பாலைவனத்து மீரான் கோட்டையில் கண்டெடுத்த தோல் கவசத் தகடுகள் வரும். பல நிறப் பூச்சுகளைக் குடைந்து கோலம் எடுக்கும் யோசனை எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளிலேயே இருந்தது என்பதற்கு அவை சாட்சி. பூவும் மனிதரும் மலையும் அதற்கு மிகவும் பிந்தி வந்தவை.

அடுத்து, மூடியில் மனிதர்களும் மலைகளும் இருக்கும் பெட்டிகள். இவற்றில் பலரும் கவனிக்காமல் விடுவது பின்னணியை. மண்டபம், பைன் மரம், தாடி வைத்த அறிஞர், பின்னால் இசைக்கருவி சுமந்துவரும் சிறுவன் என்று கண் முன்னால் இருப்பவற்றிலேயே பார்வை நின்றுவிடுகிறது. அவற்றின் பின்னே பொடிப்பொடியாக மூன்று வகைக் கோலங்கள் உண்டு. படுக்கை வாட்டில் நீண்ட, கோணம் மடிந்த கோடுகள் இருந்தால் அது வானம். அலையலையாக நெளிந்தால் தண்ணீர். கட்டத்துக்குள் ஒவ்வொரு குட்டிப் பூவாக இருந்தால் அது நிலம். உள்ளங்கை அளவுப் பெட்டியாக இருந்தாலும் பழைய சிற்பி இந்த இலக்கணத்தைத் தவறவிடமாட்டார். அறிஞர் நிற்கும் இடத்தில் பூக்கட்டம், பாலத்துக்குக் கீழே அலை, மலைக்கு மேலே வானக்கோடு. அவசரத்தில் செய்த பிற்கால வேலைகளில் ஒரே கோலம் வானத்திலும் குளத்திலும் தரையிலும் ஓடும். வாங்க நினைக்கும் பெட்டியில் உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

காட்சிகளும் வெறும் அழகுக்காகத் தேர்ந்தவை அல்ல. ஷாங்ஹாய் அருகே சிங்பூவில் ரென் குடும்பக் கல்லறை ஒன்றில் யுவான் காலத்து வட்டப் பெட்டி கிடைத்தது. இப்போது ஷாங்ஹாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மூடியில் தாவ் யுவான்மிங் என்ற கவிஞர் நிற்கிறார். பணியாள் செவ்வந்தித் தொட்டியை ஏந்தி வருகிறான். அரசுப் பதவியை உதறிவிட்டு வேலியோரச் செவ்வந்தியோடு வாழப்போன அந்தக் கவிஞர், மங்கோலியர் ஆட்சியில் பதவி வேண்டாமென்று ஒதுங்கியிருந்த சீன அறிஞர்களுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

பூப்பெட்டிகளுக்கு இலக்கணம் வேறு. யுங்லோ காலத்துப் பூவேலையில் பின்னணிக் கோலமே கிடையாது. மஞ்சள் தரைமேல் இலையும் மொட்டும் பூவும் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும்; தரை நூலிழை அளவுக்கே எட்டிப் பார்க்கும். இதழ் இதழின்மேல் ஏறிக் கிடக்கும். இலை நரம்பு வரை தெரியும். முக்கியமானது விளிம்பு. அந்தக் காலத்து வேலையில் வெட்டிய ஓரங்களை நன்றாகத் தேய்த்து உருட்டியிருப்பார்கள். கத்தி போன தடமே இருக்காது. விரலால் வருடினால் வழுக்கும். பதினாறாம் நூற்றாண்டில் இந்தப் பொறுமை குறைகிறது. ஓரங்கள் கூர்மையாக நிற்கின்றன. கத்தியின் வேகம் வெளிப்படையாகத் தெரிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் சியென்லோங் பேரரசர் காலத்தில் அந்தக் கூர்மையே ஒரு சாமர்த்தியமாகிவிட்டது.

எந்தப் பூ என்பதும் முக்கியம். பியோனி செல்வத்துக்கும் பதவிக்கும், மாதுளை பிள்ளைப்பேற்றுக்கும், பீச் பழம் நீண்ட ஆயுளுக்கும். சில சின்னங்கள் சீன ஒலியைக் கேட்டால்தான் புரியும். வௌவாலும் நற்பேறும் அங்கே ‘ஃபூ’. ஆகவே நாம் அபசகுனம் என்று விரட்டும் வௌவால் அங்கே மங்கலப் பெட்டிகளில் கூட்டமாகப் பறக்கிறது. தாமரைக்கும் மூடிப்பெட்டிக்கும் இணக்கத்துக்கும் ‘ஹ’ என்ற ஒரே ஒலி. ஒருவர் தாமரையும் மற்றவர் பெட்டியும் ஏந்திச் சிரிக்கும் இரட்டையர் திருமண வாழ்த்தாவது இப்படித்தான்.

சின்னங்களின் காலம் தெரிந்தால் பெட்டியின் காலமும் பிடிபடும். ஜியாஜிங் பேரரசர் (1522–1566) தாவோ நெறியில் மூழ்கி, சாகாவரம் தேடியவர். அவர் காலப் பெட்டிகளில் கொக்கும் மானும் மூன்று கோடுகளாலான எட்டுக் குறிகளும் நிறைந்திருக்கும். பைன் மரத்தின் தண்டே முறுக்கிக்கொண்டு ‘ஆயுள்’ என்ற எழுத்தாகி நிற்கும். புகழ்பெற்ற ‘வசந்தப் பெட்டி’ அந்த மனநிலையின் உச்சம். கீழே ஒளிக்கதிர் வீசும் செல்வக் கிண்ணம், மேலே ‘வசந்தம்’ என்ற பெரிய எழுத்து, எழுத்தின் நடுவட்டத்தில் உயர்ந்த நெற்றியோடு நீள் ஆயுள் தேவர், இருபுறமும் டிராகன்கள். இரு நூற்றாண்டுகள் கழித்துச் சியென்லோங் (1736–1795) இதே அமைப்பில் பெட்டிகள் செய்யச் சொன்னார். சூச்சோ நகரப் பட்டறைகள் அவருக்காகச் செதுக்கித் தள்ளின. அந்தப் பேரரசருக்குப் பழம்பொருள் ஆசையும் கவிதை ஆசையும் ஒன்றாக இருந்தன. களஞ்சியத்திலிருந்த மிங் காலப் பொருட்கள் சிலவற்றில் தன் கவிதையையே வெட்டச் செய்தார். இன்று யாராவது அப்படிச் செய்தால் சேகரிப்பாளர் உலகம் சும்மா விடாது.

டிராகனைப் பார்த்தால் நகத்தை எண்ணுங்கள். ஐந்து நகம் பேரரசருக்குரியது. அரண்மனையை விட்டு வெளியேறிய சில பொருட்களில் ஐந்தாம் நகத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சுரண்டிய அந்த வடு குறை அல்ல, பொருளின் பயண வரலாறு.

பெட்டிகள் அப்படிப் பயணம் போனதற்குத் தூதுறவும் ஒரு காரணம். யுங்லோ 1403இல் ஜப்பானுக்கு அனுப்பிய பரிசுகளில் மட்டும் 58 செதுக்கு மெருகுப் பொருட்கள் இருந்தன; 1406லும் 1407லும் மேலும் போயின. ஜப்பானியக் கோயில்களும் தேநீர்ச் சடங்கு அறைகளும் பல நூற்றாண்டுகள் பொத்தி வைத்திருந்ததால் தப்பிய பெட்டிகள் பல. கலையின் ஒரே பழைய தொழில்நுட்ப நூலும் அங்கேதான் தப்பியது. மிங் காலக் கைவினைஞர் ஹுவாங் செங் எழுதி, 1625இல் யாங் மிங் உரை சேர்த்த அந்த நூல் சீனாவில் காணாமல் போய், ஜப்பானியக் கையெழுத்துப் படியிலிருந்து 1927இல் மீண்டும் சீனாவில் அச்சேறியது.

இதே யுங்லோவின் மெருகுப் பெட்டிகள் தமிழ் எழுத்தின் அருகிலும் ஒரு முறை நின்றிருக்கின்றன. ஜெங் ஹ தளபதியின் கப்பல்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409 தேதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயினார் என்ற தெய்வத்துக்கும், சீனப் பகுதி புத்தருக்கும் காணிக்கை செலுத்துகிறது. சீனப் பகுதியின் பட்டியலில் பொன், வெள்ளி, பட்டு, விளக்கு, வாசனை எண்ணெய் ஆகியவற்றோடு, பொன்வரி இழைத்த செம்மெருகு வாசனைப் பெட்டிகள் ஐந்து உண்டு. இவை செதுக்கியவை அல்ல. மெருகில் மெல்லிய கோடு கீறிப் பொன் நிரப்பும் வேறொரு வகை. ஆனால் வேலை ஒன்றே: வாசனைத்தூள் வைப்பது. தூபக்கலம், கரண்டி நிற்கும் குவளை, மூடிப்பெட்டி என்ற மூன்றும் சேர்ந்ததுதான் சீனத் தூபச் செட்டு. பெட்டிகளின் வடிவப் பெயர்களிலேயே அந்த வீட்டுப் புழக்கம் தெரியும். நேர்ப்பக்கம் கொண்டது ‘கரும்புத் துண்டு’, உப்பலானது ‘ஆவி அப்பம்’.

இன்னொரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விற்பனைப் பட்டியலில் ‘கோரமண்டல் லாக்கர்’ என்று கண்டால் நம் சோழமண்டலக் கரையில் செய்தது என்று மகிழ வேண்டாம். அவை சீனாவில் செய்த, பள்ளம் வெட்டி வண்ணம் நிரப்பிய மடிப்புத் திரைகள். நம் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இனி, சந்தையில் அதிகம் கிடைப்பது எது என்பதையும் பேசியாக வேண்டும். பித்தளைக் கூட்டின் மேல் சிவப்பு மெருகு, உள்ளே நீல எனாமல், அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்ற முத்திரை. இவை ஏற்றுமதிக்காகச் செய்தவை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகு வந்த வழக்கம் அந்த முத்திரை. இவற்றிலும் கையால் செதுக்கிய நல்ல வேலை உண்டு. அதற்குரிய விலைக்கு வாங்குவதில் தவறேதும் இல்லை. ‘மிங் காலம்’ என்று சொல்லி விற்பதுதான் தவறு. அவற்றுக்கும் கீழே, பிசினை அச்சில் ஊற்றி எடுத்தவை. வெட்டின் சரிவில் பூச்சு வரிகள் இருக்காது. பள்ளத்தின் மூலைகள் மழுங்கியிருக்கும். பத்துப் பூக்களும் மயிரிழை மாறாமல் ஒன்றுபோல் இருக்கும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். நல்ல பெட்டியாக இருந்தால் அந்த ஓட்டை நிரந்தரம். சரிவை உருப்பெருக்கியில் பார்த்தாலே போதும். பழைய பெட்டியின் உட்புறம் பெரும்பாலும் கருப்பு அல்லது கரும்பழுப்பு மெருகாக இருக்கும். உள்ளே இருக்கும் மரம் நூற்றாண்டுகளில் சுருங்குவதால் மெல்லிய விரிசல்களும் ஓடியிருக்கும்.

வாங்கிய பிறகு செய்யக்கூடாதவை சில. தேங்காய் எண்ணெயோ பர்னிச்சர் பாலிஷோ போட்டு மினுக்காதீர்கள். வெயில் படும் அலமாரி வேண்டாம். ஒளி மெருகை வெளிறச் செய்யும். ஏசி காற்று நேராகப் படும் இடமும் ஆகாது. வறட்சியில் உள்மரம் சுருங்கிப் பூச்சு தெறிக்கும். உப்புத்தாளால் தேய்ப்பது இருமடங்கு கேடு. சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். இறுகிய மெருகுக்குள் கட்டுண்டு இருக்கும்வரை தொட்டுப் பார்ப்பதில் அச்சமில்லை, அதைத் தூளாக்கி மூச்சில் இழுப்பது வேறு.

கடைசியாக ஒரு கோரிக்கை. பெட்டியின் ஓரத்திலிருந்து சில்லு ஏதேனும் உதிர்ந்தால் குப்பையில் போடாமல், தேதியும் உதிர்ந்த இடமும் குறித்து ஒரு சிறு உறையில் பத்திரப்படுத்துங்கள். அருங்காட்சியக ஆய்வகங்கள் இத்தகைய சில்லைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துத்தான் பூச்சுகளை எண்ணுகின்றன, நிறமியை அடையாளம் காண்கின்றன, வேதிச் சோதனையால் எந்த வகை மரத்தின் பால் என்றுகூடச் சொல்லிவிடுகின்றன. யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்ற ரசீதையும் அந்த உறையோடு சேர்த்து வையுங்கள். பெட்டி கைமாறும் நாளில் அதை வாங்குபவருக்கு அடிப்பாக எழுத்தைவிட அந்த உறையே அதிகம் உதவும்.

அன்புடன்,
பழம்பொருள் ஆர்வலர் ஒருவர்